கரையாததைக் கரைசேர்க்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

நீரில் எளிதில் கரையாத தாவரச் சேர்மங்களைக் கொழுப்பு நானோ துகள்களில் ஏற்றி உடலுக்குள் செலுத்துவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இம்முறை விடை எழுதுகிறேன்.

*

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின், ரெஸ்வெரட்ரால், குவெர்செட்டின் போன்றவை ஆய்வகக் குடுவையில் காட்டும் திறனை மனித உடலில் காட்டுவதில்லை என்றும், அவை நீரில் கரையாததே காரணம் என்றும் படித்தேன். கரையாத ஒன்றைக் கொழுப்புத் துகளுக்குள் அடைத்துவிட்டால் மட்டும் அது எப்படி உடலில் சேரும்?
– உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: கரையாமை ஒரு காரணம், ஒரே காரணம் அன்று. விழுங்கப்பட்ட சேர்மம் முதலில் குடலில் உள்ள நீர்மத்தில் கரைய வேண்டும். கரைந்த பின் சிதையாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு குடற்சுவரின் செல்களையும் கல்லீரலையும் தாண்டி வர வேண்டும். குர்குமின் இந்த மூன்று இடங்களிலும் அடிவாங்குகிறது. அது நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. கரைத்து வைத்தாலும், பி.ஹெச். 7.2 உள்ள தாங்கல் கரைசலில் (அமில-கார நிலை மாறாத கரைசல்) 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அரைமணி நேரத்திற்குள் சுமார் 90 விழுக்காடு சிதைந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. தப்பியதைக் குடற்சுவரும் கல்லீரலும் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ பிணைத்து வெளியேற்றத்திற்குத் தயாராக்கிவிடுகின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் உடல்நலமுள்ள 24 பேருக்கு அரை கிராம் முதல் 12 கிராம் வரை ஒரே வேளையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 8 கிராம் வரை உட்கொண்டவர்களின் குருதியில் குர்குமின் தென்படவே இல்லை.

இனி, துகள் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு திடப்பொருள் கரையும் வேகம் அதன் பரப்பளவைப் பொறுத்தது. 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு தூள்மணியை 200 நானோமீட்டர் (0.2 மைக்ரோமீட்டர்) துகள்களாக உடைத்தால், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பளவு 250 மடங்காகும். ஆனால் வெறும் பொடியாக்கலுக்கும் கொழுப்பில் ஏற்றுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொடி எவ்வளவு நுண்ணியதானாலும் அது படிகமே. படிகத்தின் பிடியிலிருந்து ஒவ்வொரு மூலக்கூறும் பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கொழுப்பில் கரைந்திருக்கும் சேர்மத்துக்கு அந்தப் பாடு இல்லை. அது ஏற்கெனவே தனித்தனி மூலக்கூறாக நிற்கிறது.

அதன்பின் நடப்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விளம்பரப் படங்களில் மஞ்சள் உருண்டைகள் குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு குருதிக்குள் நீந்திச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். வாய்வழி கொடுக்கப்படும் கொழுப்புத் துகளில் பெரும்பகுதிக்கு அந்தப் பயணம் வாய்ப்பதில்லை. குடலில் லைபேஸ் நொதி அதை மற்ற எந்தக் கொழுப்பையும் போலவே வெட்டுகிறது. வெட்டுண்ட கொழுப்பமிலங்களும் மோனோகிளிசரைடுகளும் பித்த உப்புகளோடு சேர்ந்து, சில நானோமீட்டர் அளவே உள்ள கலப்பு மைசெல்கள் என்னும் நுண்திரள்களாகின்றன. துகளுக்குள் இருந்த சேர்மம் அந்த மைசெல்களுக்குக் கைமாறி, குடற்சுவரின் அருகே போய்ச் சேருகிறது. வண்டி வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போவது சரக்கு மட்டுமே. ஆகவே துகளின் வெற்றி, அது எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைவிட, செரிக்கப்படும் நேரத்தில் தன் சரக்கைப் படிகமாக உதிர்க்காமல் மைசெல்லிடம் ஒப்படைக்கிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நிணநீர்ப் பாதை பற்றியும் ஒரு சொல். நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குடற்செல்லுக்குள் மீண்டும் டிரைகிளிசரைடாகி, கைலோமைக்ரான் என்னும் துளிகளாகப் பொதிந்து, நிணநீர் வழியே சென்று, கழுத்தருகே நேராகக் குருதியில் கலக்கின்றன. கல்லீரலின் முதல் சோதனைச்சாவடியை அவை தாண்டிவிடுகின்றன. எந்தச் சேர்மத்தையும் இப்படி அனுப்பிவிடலாம் என்று எழுதுவோர் உண்டு. கணிசமான அளவில் அப்பாதையில் செல்ல, அச்சேர்மத்தின் கொழுப்பு நாட்டத்தைக் குறிக்கும் லாக் பி மதிப்பு 5-க்கு மேல் இருக்க வேண்டும், ஒரு கிராம் டிரைகிளிசரைடில் 50 மி.கி.க்கு மேல் கரைய வேண்டும் என்பது மருந்தாக்கவியலில் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். குர்குமினின் லாக் பி மதிப்பு ஏறத்தாழ 3 மட்டுமே.

*

கேள்வி: கொரோனா தடுப்பூசிகளில் இருந்த லிப்பிட் (கொழுப்பு) நானோ துகளும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர் ஒருவர்

பதில்: பெயர் ஒன்று, வேலை ஏறக்குறைய எதிரெதிர். தடுப்பூசியில் ஏற்றப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. நீரை விரும்புவது, எதிர் மின்னேற்றம் கொண்டது, தானாகச் செல்லுக்குள் நுழைய இயலாத பெரிய மூலக்கூறு. அதைப் பிடித்து வைப்பதற்கென்றே அமிலச் சூழலில் நேர் மின்னேற்றம் பெறும் ஒரு லிப்பிட்டும், அதனுடன் பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைந்த லிப்பிட் ஆகியவையும் சேர்க்கப்படுகின்றன. இவ்வகைத் துகளில் ஆர்.என்.ஏ.வை ஏற்றிய முதல் மருந்தான பட்டிசிரான் 2018-இல் ஒப்புதல் பெற்றது.

நம் கேள்விக்குரிய தாவரச் சேர்மங்கள் நீரை வெறுத்துக் கொழுப்பில் ஒதுங்குபவை. அவற்றுக்கு 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்த லிப்போசோம் என்னும் நுண்குமிழின் இரட்டைச் சவ்வே போதும். அல்லது 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராய்னர் முல்லரும் இத்தாலியில் மரியா ரோசா காஸ்கோவும் தனித்தனியே உருவாக்கிய திடக் கொழுப்பு நானோ துகள் போதும். தடுப்பூசி வெற்றி பெற்றதைக் காட்டி ஒரு குர்குமின் குப்பியை விற்பவர், இந்த வேறுபாட்டை வாங்குபவர் அறியமாட்டார் என்று நம்புகிறார்.

*

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காகத் திடக் கொழுப்பு நானோ துகளில் குர்குமினை ஏற்றினேன். சராசரி அளவு 180 நானோமீட்டர், பொதிவுத் திறன் (துகளுக்குள் அடைபட்ட பங்கு) 98 விழுக்காடு என்று முடிவுகள் வந்தன. மூன்றாம் வாரத்தில் குப்பியின் அடியில் மஞ்சள் படிவு தோன்றிவிட்டது. எங்கே தவறினேன்?
– மருந்தாக்கவியல் மாணவி ஒருவர்

பதில்: தங்கள் குப்பியைப் போன்ற ஒன்று என் மேசையிலும் பல ஆண்டுகளுக்கு முன் இருந்தது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கிளிசரைல் பெஹனேட் என்னும் திடக் கொழுப்பை 80 டிகிரிக்குச் சூடாக்கி உருக்கி, அதில் குர்குமினைத் தூவிக் கலக்கியபோது, கலங்கல் மறைந்து, ஒளி ஊடுருவும் செம்மஞ்சள் நீர்மம் கிடைத்தது. போலோக்சமர் என்னும் பால்மமாக்கி கலந்த, அதே சூட்டில் இருந்த நீரில் அதை ஊற்றி, வேகக் கலக்கியில் பால்மமாக்கி, 500 பார் அழுத்தத்தில், துளிகளை நுணுக்கும் ஹோமோஜினைசர் வழியே மூன்று முறை செலுத்தியபோது வெளியே வந்தது மஞ்சள் நிறப் பால். குளிர்ந்த பின்னும் அது பாலாகவே இருந்தது. அன்று மாலை என்னைவிட மகிழ்ச்சியானவர் அக்கட்டடத்தில் இருந்திருக்க மாட்டார். சில வாரங்களில் அடியில் மஞ்சள் மணல் படிந்தது.

இதற்குக் காரணம் கொழுப்பின் படிக அமைப்பு. உருகிய கொழுப்பு விரைவாகக் குளிரும்போது ஆல்பா எனப்படும் ஒழுங்கற்ற வடிவில் உறைகிறது; அதன் இடுக்குகளில் சேர்மத்திற்கு இடம் இருக்கிறது. நாள்கள் செல்லச் செல்ல அது பீட்டா என்னும் ஒழுங்கான, நெருக்கமான வடிவத்திற்கு மாறுகிறது. கூடத்தில் சாவகாசமாக அமர்ந்திருந்தவர்கள் வரிசையாக நெருங்கி அமரும்போது இடைவெளியில் நின்ற விருந்தாளி வாசலுக்குத் தள்ளப்படுவது போல, குர்குமின் துகளை விட்டு வெளியேறுகிறது. வெளியே நீர் அதை ஏற்காது, ஆகவே படிகமாகிறது. இதைத் தணிக்கவே திடக் கொழுப்புடன் நீர்மக் கொழுப்பையும் கலந்து, வேண்டுமென்றே ஒழுங்கைக் கெடுக்கும் முறை பின்னாளில் வந்தது. தாங்கள் சாதாரண வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் நடுத்தரச் சங்கிலி டிரைகிளிசரைடைத் திடக் கொழுப்பில் ஒரு பங்காகச் சேர்த்து முயன்று பாருங்கள். அதற்கும் முன்னதாக, 80 டிகிரியில் தெளிவாகத் தெரிந்த உருகலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, ஆறவைத்து, மறுநாள், படிகங்களைக் காட்டும் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். சூட்டில் கரைவது குளிரிலும் கரைந்திருக்கும் என்ற எண்ணமே நம் இருவரின் முதல் தவறு.

அடுத்து, அந்த 98 விழுக்காடு. துகள்களை மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்து, மேலே நிற்கும் நீரில் எவ்வளவு குர்குமின் உள்ளது என்று அளந்து, மொத்தத்தில் அதைக் கழித்துத்தான் இந்த எண்ணைப் பெற்றிருப்பீர்கள். குர்குமின்தான் நீரில் கரையாதே! துகளுக்குள் இல்லாமல் தனிப் படிகமாக நின்றதும் சுழற்சியில் துகள்களோடு சேர்ந்து அடியில் போய்விடும். மேல்நீரில் எதுவும் இருக்காது. கணக்கு 98 என்றே காட்டும். நீரில் கரையும் மருந்துகளுக்கென வகுத்த ஒரு சோதனையை, கரையவே கரையாத சேர்மத்திற்குப் பயன்படுத்தினால், பொதிவே நிகழாத கலவைக்கும் உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும். பெரிய படிகங்களை முதலில் வடிகட்டியோ மிகக் குறைந்த வேகத்தில் சுழற்றியோ நீக்கிவிட்டு, எஞ்சிய பாலில் உள்ள குர்குமினைக் கரைப்பானில் எடுத்து நேரடியாக அளப்பதே நேர்மையான வழி.

அந்த 180 நானோமீட்டரும் இதே போன்றதுதான். ஒளிச்சிதறல் கருவி மிதக்கும் துகள்களையே காணும். அடியில் படிந்துவிட்ட மணல் அதன் கண்ணில் படாது. மேலிருந்து எடுத்த மாதிரி நல்ல பிள்ளையாக 180 என்றுதான் சொல்லும். மாதிரியைச் சூடேற்றி அது உருகுவதைப் பதியும் வெப்ப அளவியலில் குர்குமினின் உருகு முகடு தெரியவில்லை என்பதையும் சான்றாக எழுதிவிடாதீர்கள்: 70 டிகிரியைத் தாண்டியதும் கொழுப்பு உருகிவிடுகிறது, எஞ்சிய படிகமும் சூடேற ஏற அதில் கரைந்துவிடுகிறது, 180 டிகிரியை ஒட்டி உருகுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாமலே போகலாம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை இதைவிட நம்பகமானது.

*

கேள்வி: 'உறிஞ்சுதல் 30 மடங்கு' என்பது போன்ற கூற்றுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?
– மருந்தாளுநர் ஒருவர்

பதில்: எதைவிட 30 மடங்கு, எதை அளந்து 30 மடங்கு என்ற இரண்டும் தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வெறும் பொடியோடு ஒப்பிட்டால் அடிமட்டம் ஏறத்தாழச் சுழியாகிவிடுகிறது. சுழிக்கு அருகிலுள்ள எண்ணால் வகுத்தால் எதுவும் மலையாகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குர்குமினின் மூலக்கூறு எடை 368. செல் வளர்ப்புச் சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் 10 மைக்ரோமோலார் செறிவு என்பது ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 3,700 நானோகிராம். வெறும் பொடி குருதியில் 2 நானோகிராமைத் தருகிறது, நானோ வடிவம் 60 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது மடங்கு என்பது உண்மை; குடுவையில் செல்லைக் கொன்ற அளவில் அது இரண்டு விழுக்காடும் இல்லை என்பதும் உண்மையே. விளம்பரத்தில் முதல் உண்மை மட்டும் அச்சாகிறது.

அளந்தது என்ன என்பது இன்னும் முக்கியம். குருதியில் இருப்பதில் பெரும்பகுதி குளுக்குரோனைடாகப் பிணைந்தது. பல ஆய்வுகளில் மாதிரியை முதலில் குளுக்குரோனிடேஸ் நொதியால் வெட்டி, பிணைந்ததையும் தனித்ததையும் சேர்த்து 'மொத்தக் குர்குமின்' என்று அளக்கிறார்கள். அது பிழையான அளவீடு அன்று. எவ்வளவு உள்ளே வந்தது என்பதை அது சரியாகவே சொல்லும். ஆனால் உடல் ஏற்கெனவே முடக்கிவிட்ட மூலக்கூறையும் வேலைக்கு வந்த மூலக்கூறையும் ஒரே வருகைப் பதிவேட்டில் எழுதுவதற்கு அது சமம். தனித்த குர்குமின் எவ்வளவு என்று கட்டுரையின் அட்டவணையில் தேடுங்கள். அங்கே அந்த நிரல் இல்லாவிட்டால் அதுவே ஒரு விடை.

மிளகில் உள்ள பிப்பெரினின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1998-இல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினுடன் 20 மி.கி. பிப்பெரின் கொடுத்தபோது, மனிதர்களில் அது குருதியில் சேர்ந்த அளவு 20 மடங்கானது. நானோ துகள் எதுவும் அதில் இல்லை. பிப்பெரின் குடலிலும் கல்லீரலிலும் உள்ள பிணைக்கும் நொதிகளைத் தடுப்பதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அந்த நொதிகள் குர்குமினுக்காக மட்டும் இருப்பவை அல்ல என்பதை ஒரு மருந்தாளுநருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பினைட்டாய்ன், புரோப்ரனலால், தியோபிலின் ஆகிய மருந்துகளின் குருதி அளவையும் பிப்பெரின் உயர்த்துகிறது.

*

கேள்வி: துகளெல்லாம் எதற்கு? எண்ணெயில் கரைத்துக் கொடுத்தால் போதாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: எண்ணெயில் நன்றாகக் கரையும் சேர்மத்திற்குப் பல வேளைகளில் போதும். கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் கன்னாபிடையால் என்னும் சேர்மம், அரிய வகை வலிப்பு நோய்களுக்கான மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, நல்லெண்ணெயில் கரைத்த வடிவத்திலேயே வந்தது. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் அது குருதியில் சேரும் மொத்த அளவு நான்கு மடங்குக்குக் குறையாமல் உயர்கிறது. குர்குமினுக்கு இந்த வழி எளிதன்று. அது நீரில் மட்டுமன்றி எண்ணெயிலும் தாராளமாகக் கரைவதில்லை.

அதே தடை துகளுக்கும் உண்டு. கொழுப்பின் எடையில் 5 விழுக்காடு ஏற்ற முடிந்தால் அரை கிராம் சேர்மத்திற்கு 10 கிராம் கொழுப்பு வேண்டும். 10 விழுக்காட்டுப் பால்மமாகத் தயாரித்தால் அது 100 மில்லிலிட்டர். ஒரு சிறு மாத்திரைக்குள் அரை கிராம் நானோ குர்குமின் இருப்பதாக யாராவது சொன்னால், கொழுப்பு எங்கே போயிற்று என்று கேட்கலாம்.

*

கேள்வி: புற்றுநோய்க்கான தாவர மருந்துகளில் இந்த முறை உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறதா?
– செவிலியர் ஒருவர்

பதில்: பயன்பட்டிருக்கிறது, அங்கே மருந்து நேராகக் குருதிக்குழாய் வழியே செல்வதால், குடலைப் பற்றிச் சொன்ன எதுவும் பொருந்தாது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த பாக்லிடாக்சல் 1992-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, அதை வேதிமாற்றம் செய்த ஆமணக்கெண்ணெயிலும் எத்தனாலிலும் கரைத்தே கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கரைப்பானே கடும் ஒவ்வாமையை உண்டாக்கியதால், ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் முன்கூட்டியே தருவது வழக்கமாயிற்று. தாங்கள் பணியில் கண்டிருப்பீர்கள். சீனாவில் 2003-இல் பாக்லிடாக்சலின் லிப்போசோம் வடிவம் வந்தது. 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நானோ வடிவம் கொழுப்பால் ஆனதன்று. அது அல்புமின் புரதத்தால் ஆனது.

புற்றுக்கு எதிரான இன்னொரு தாவரச் சேர்மமான காம்ப்டோதெசின் கதை இதைவிடப் பாடம் மிகுந்தது. வால், வானி என்னும் ஆய்வாளர்கள் இருவர் 1966-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது கரையாததால், 1970-களின் தொடக்கத்தில் நடந்த மருத்துவச் சோதனைகளில் சோடியம் உப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். உப்பு நன்றாகக் கரைந்தது. ஆனால் அந்த மாற்றத்தில் மூலக்கூறின் லாக்டோன் வளையம் திறந்துகொண்டது. திறன் அந்த வளையத்தில்தான் இருந்தது. கட்டி பெரிதாகச் சுருங்கவில்லை, நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் குருதிக்கசிவு ஏற்பட்டது, சோதனைகள் நின்றன. அதன் வழித்தோன்றலான இரினோடெகானை லிப்போசோமுக்குள் வைத்த வடிவம் 2015-இல் கணையப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. அந்தத் துகளின் வேலை கரைப்பது அன்று, இரினோடெகானே கரையக்கூடியதுதான். வளையம் மூடிய நிலையிலேயே மருந்தைக் குருதியில் நெடுநேரம் வைத்திருப்பதற்காகவே துகள் தேவைப்பட்டது.

*

கேள்வி: தாவரமும் இயற்கை, கொழுப்பும் இயற்கை. இதில் தீங்குக்கு இடம் உண்டா?
– வாசகர் ஒருவர்

பதில்: உறிஞ்சப்படாமல் வெளியேறிய காலத்தில் ஒரு சேர்மம் காட்டிய பாதுகாப்பு, நன்றாக உறிஞ்சப்படும் வடிவத்திற்கு அப்படியே பொருந்தாது. குடலைத் தாண்டாத 8 கிராம் யாரையும் வருத்தவில்லை என்பதில் வியப்பில்லை. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் சார்ந்த துணைமருந்துகளை உட்கொண்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது பதிவாகி, பின்னர் அங்கே எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவில் இத்தகைய பாதிப்புக்கு உள்ளான 10 பேரை ஆராய்ந்தபோது, 7 பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதாவது, எல்லோருக்கும் இல்லாத, ஆனால் முன்கூட்டி அறிய எளிதல்லாத ஓர் ஆபத்து. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காகப் பிப்பெரின் சேர்த்த தயாரிப்புகளும் இத்தகைய நிகழ்வுகளில் இடம்பெற்றன.

ஊசி வழியாகச் செலுத்துவது இன்னும் கவலைக்குரியது. 2017-இல் அமெரிக்காவில் குர்குமின் பால்மத்தைக் குருதிக்குழாய் வழியே பெற்ற இருவருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு, ஒருவர் இறந்தார். பால்மமாக்கியாகச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் வழிப்பொருளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு மாசு இருந்ததை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கண்டறிந்தது. குர்குமினைப் பற்றி மட்டுமே கேட்டுவிட்டு, அதைச் சுமக்கும் பொருள்களைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு அது ஒரு சான்று.

*

கேள்வி: நானோ வடிவம் என்று விற்கப்படும் சில நீர்மங்கள் கண்ணாடிபோல் தெளிவாக உள்ளன, சில பாலாக உள்ளன. எது உண்மையான நானோ?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இரண்டுமே இருக்கலாம். சில பத்து நானோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் ஒளியை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை, ஆகவே தெளிவாகத் தோன்றும்; 100 நானோமீட்டரை ஒட்டியவை நீலச் சாயலுடன் மங்கலாகத் தெரியும்; 200-ஐத் தாண்டியவை பால்போல் வெளுக்கும். அளவு சிறுக்கச் சிறுக்கப் புறப்பரப்பை மூடப் பால்மமாக்கி கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், மிகத் தெளிவான குப்பியில் சேர்மத்தைவிடப் பால்மமாக்கியே பல மடங்கு இருக்கக்கூடும். குப்பியின் பின்பக்கத்து உட்பொருள் பட்டியலை இதை மனத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.